மூன்றாவது பெஞ்சு – 9: அவிழ்த்த துணி

பல் டாக்டரின் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது மணி எட்டே கால். பட்டறை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.

சின்னவள், பட்டறைக்காரரின் கடைசி மகள், ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். அந்தச் சாம்பல் நிற டீசல் காரை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் அதன் கியர்பாக்ஸை இறக்கி, எண்ணெய் கசிந்துகொண்டிருந்த என்ஜினின் பின்பக்க ரப்பர் வளையமான ஆயில் சீலைப் பிடுங்கிப் புதுசு போட்டவள் அவள்தான். யாரும் கை கொடுக்காமல் அவள் தனியாக முடித்த முதல் பெரிய வேலை.

இப்போது அதே வண்டியின் அடியில், அதே இடத்தில், எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

எட்டு மாதம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மற்றவர்கள் ரிப்பேர் செய்த கணக்கை டைப் அடித்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் வந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். படித்தது இயந்திரப் பொறியியல். "எனக்கு ஒரு பெஞ்சு குடுங்க" என்று அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். சுவரோரம், வைஸ் இடுக்கி துருப்பிடித்துக் கிடந்த மூன்றாவது பெஞ்சு கிடைத்தது. கூடவே ஒரு சட்டமும் கிடைத்தது.

"நீ கை வெச்ச வண்டி ஒண்ணே ஒண்ணு திரும்பி வரட்டும். பெஞ்சைக் காலி பண்ணிட்டுப் போய் ஏதாவது ஆபீஸ்ல உக்காரு."

"சரி" என்றாள். அன்றைக்கு அது கௌரவமாகத்தான் பட்டது. அண்ணன் போட்ட வேலையில் போன வருஷம் மட்டும் பதினோரு வண்டி திரும்பி வந்தது. அவனுக்கு எந்தச் சட்டமும் இல்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

அப்பாவின் பட்டறையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. வண்டிக்காரர் முன்னால் பீடி கூடாது. கழற்றிய போல்ட்டைத் தரையில் வைக்கக் கூடாது. முக்கியமானது துணிச் சட்டம். என்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதற்கு முன் திறந்த ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஏதாவது ஓட்டையை அடைத்தால் உடனே ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். அடைப்பை எடுத்த பிறகுதான் துணியை அவிழ்க்க வேண்டும். துணி இருக்கும்வரை சாவி ஆணியை விட்டு இறங்காது. நாற்பது வருஷமாக அப்படித்தான்.

"யாரு பண்ண வேலை இது?" டாக்டர் சாவியை விரலில் சுழற்றியபடி உள்ளே வந்தார். "பல் வலின்னு வந்தவனுக்குப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கி அனுப்பின மாதிரி இருக்கு."

அண்ணன் ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. சின்னவளை நோக்கித் தாடையை நீட்டினான். "நம்ம டிகிரி பண்ணது, டாக்டர்."

டிகிரி. அவன் அவளுக்கு வைத்த பெயர். பட்டறைக்கு வருகிற உதிரி பாகக் கடைக்காரர்வரை அந்தப் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான்.

டாக்டர் அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "பொம்பளப்பிள்ளை கை வெச்சதா? அன்னைக்கே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேனே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "வண்டி என்ன பண்ணுச்சுன்னு சொல்லுங்க சார். முதல்லேருந்து."

"முதல்ல விசில் மாதிரி ஒரு சத்தம். ரெண்டு நாள் அடிச்சுது. அப்புறம் அதுவா நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நான்பாட்டுக்கு ஓட்டிட்டேன். நேத்து டிக் டிக்னு ஆரம்பிச்சுது, சிவப்பு லைட் எரிஞ்சுது. இறங்கிப் பாத்தா கீழ குளம்."

"லைட் எரிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"அந்த அளவுக்கு அறிவு இருக்கும்மா எனக்கு. பதினோரு மணிக்கு வரேன். யாரு பதில் சொல்றீங்களோ ரெடியா இருங்க."

அவர் சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனதும் அப்பா வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பானெட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தார். எண்ணெய் அளக்கும் டிப்ஸ்டிக் அதன் குழாயைவிட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது. சுற்றிலும் எண்ணெய் தெறித்திருந்தது. அப்பா இடது கைக் கட்டைவிரலால் அதை அழுத்தி உள்ளே தள்ளினார். கையைத் துடைத்துக்கொண்டு தன் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

"கியர்பாக்ஸை இறக்கு" என்றான் அண்ணன். "நீ சீலை எப்படிக் கோணலா அடிச்சிருக்கேன்னு எல்லாரும் பாக்கலாம்."

"இறக்கக் கூடாது."

"ஏன், பயமா?"

"இறக்கிட்டா என்ஜினை ஸ்டார்ட் பண்ண முடியாது. சத்தத்தைக் கேக்காம நான் எதையும் கழட்ட விடமாட்டேன்."

"சத்தத்தைக் கேட்டு என்ன பாட்டா எழுதப் போறே? ஆயில் ஒழுகுது. சீல் போச்சு. சீல் போட்டது நீ. முடிஞ்சுது."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்கா. இன்றைக்கு அவளும் அவள் வீட்டுக்காரரும் ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கும் ஊருக்கு, அவருடைய புது வேலைக்கு வீடு பார்க்கப் போகிறார்கள்.

"கிளம்பிட்டோம்டி. ஒண்ணு கேக்கணும். ஸ்டார்ட் பண்ணா வண்டி ஏதோ விசில்..."

"யாரு அது, வேலை நேரத்துல?" என்றான் அண்ணன். "பாரு, இதுக்குத்தான் இவளுக்கு பெஞ்சு."

"அக்கா, இப்ப முடியாது. அப்புறம் கூப்பிடுறேன்." வெட்டினாள். போனைப் பையில் போட்டாள். இன்னும் ஒரு வார்த்தை அவன் பேசினால் கையிலிருக்கும் ஸ்பானர் பறக்கும் என்ற நிலையில் இருந்தாள். காதுக்குள் ரத்தம் இரைந்துகொண்டிருந்தது. அதில் அக்கா சொன்ன சொல் எங்கேயோ மூழ்கிப்போனது.

அவள் ஊற்ற ஊற்ற மூன்று லிட்டருக்கு மேல் எண்ணெய் குடித்தது வண்டி. கம்பி வலையில் அடைத்த விளக்கைப் பானெட்டில் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தாள்.

டிக் டிக் டிக். மேலேயிருந்துதான். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின் மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்து அழுத்தினாள். அந்த இரும்பு வழியாக என்ஜினின் உள்ளே நடப்பதெல்லாம் காதுக்குள் வந்துவிடும். வால்வுகளைத் தள்ளும் டாப்பெட்டுகள் எண்ணெய் கிடைக்காமல் வறண்டு தட்டுகிற சத்தம். கீழே, கிராங்க் தண்டு சுழலும் இடத்துக்கு நுனியை இறக்கினாள். அங்கேயிருந்து கனமாக, கதவைக் கையால் தட்டுவதுபோல ஒரு டொக் வந்தால் என்ஜின் போச்சு. ஒரு நிமிஷம் காத்திருந்தாள். டொக் வரவில்லை. எண்ணெய் மேலே ஏற ஏற டிக் டிக்கும் மெலிந்து அடங்கியது.

"என்ஜின் தப்பிச்சுது" என்றாள்.

அப்போது கவனித்தாள். டிப்ஸ்டிக் மறுபடி மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளேயிருந்து விரலால் தள்ளுவதுபோல.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகினாள். கடைசிப் புரி விடுபட்டதும் மூடி அவள் உள்ளங்கையை முட்டிக்கொண்டு துள்ளியது. புஸ்ஸென்று சூடான காற்று முகத்தில் அடித்தது.

"அண்ணா, இங்க வா. கையை வை."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"கையை வை."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை வரவழைத்தது. வந்தான். கையை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

ஓடும் என்ஜின் உள்ளுக்குள் மூச்சு விடும். அந்த மூச்சு வெளியேற மேல் மூடியிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் கிளம்பி, காற்று உறிஞ்சும் குழாயில் போய்ச் சேரும். பிரீதர் என்பார்கள். அது அடைபட்டால் மூச்சு வேறு வழி தேடும். எது இளகிக் கொடுக்கிறதோ அதை முட்டித் தள்ளும். சீலின் ரப்பர் உதடு இளகிக் கொடுக்கும். முதலில் அந்த இடுக்கு வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது விசில் அடிக்கும். உதடு முழுசாக வெளியே மடிந்துவிட்டால் விசில் நின்றுவிடும். காற்றுக்கு வழி கிடைத்துவிட்டதே. அதற்கப்புறம் எண்ணெய்தான் போகும்.

என்ஜினை நிறுத்திவிட்டு ஹோஸின் கிளிப்பை இளக்கிப் பிடுங்கினாள். மூடியிலிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டாள். விரல் முட்டியது.

இடுக்கியால் பிடித்து இழுத்தபோது மது பாட்டில் திறப்பதுபோல ஒரு சத்தம். கறுப்பு ரப்பர்த் துண்டு. கட்டைவிரல் தடிமன். எண்ணெயில் ஊறி மினுமினுத்தது.

அவள் அதை எடுத்துப்போய் அண்ணனின் பெஞ்சில், அவன் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கழுவறதுக்கு முன்னாடி அடைச்சது. எடுக்காம ஹோஸை மாட்டி அனுப்பியிருக்கே. உன் வேலைதானே இது? சொல்லு. இப்ப சொல்லு. டாக்டர் முன்னாடி அந்தத் தாடையை நீட்டினியே, அதே மாதிரி இப்பவும் நீட்டு."

"வாய்க்கு வந்ததைப் பேசாதே."

"உன் வண்டி பதினொண்ணு திரும்பி வந்துச்சு. அப்பா ஒரு வார்த்தை கேட்டாரா உன்னை? நான் ஒரு சீலை நேரா போட்டுட்டு மூணு வாரமா ராத்திரி தூங்காம நினைச்சுக்கிட்டு இருக்கேன், உதடு மடங்கியிருக்குமோ, ஸ்பிரிங் நழுவியிருக்குமோன்னு. நீ அடைச்சு வெச்சுட்டு, நான் கோணலா அடிச்சேன்னு சொல்றே."

அண்ணன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ரப்பர்த் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அவன் முகத்தில் இருந்த திமிர் இறங்கியது.

"இது என்னது இல்ல" என்றான் தணிந்த குரலில். "நான் கடையில விக்குற பிளாஸ்டிக் மூடி போடுவேன். உனக்கே தெரியும்."

தெரியும். தெரிந்தும் கோபத்தில் பார்க்கத் தவறியிருந்தாள். இப்போது பார்த்தாள். பழைய என்ஜின் மவுண்ட் ரப்பரில் கத்தியால் வெட்டிய துண்டு. வெட்டு நேராக இல்லை. வலது கைக்காரர்கள் வெட்டினால் எந்தப் பக்கம் சாயுமோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

அந்தப் பட்டறையில் இடது கைக்காரர் ஒருவர்தான்.

அவர் அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த ஒரு இரும்புத் துண்டை அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. சொன்னால் சொன்ன நேரம். பதினொன்று.

"என்ன, பதில் கிடைச்சுதா?"

அண்ணன் ரப்பர்த் துண்டைக் காட்டி, மூச்சு அடைபட்டுச் சீல் பிதுங்கிய கதையைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். யார் வெட்டியது என்பதை மட்டும் மென்று விழுங்கினான்.

"அப்போ சீல் தப்பில்லை. இதை எடுக்க மறந்ததுதான் தப்பு. சரி, மறந்தது யாரு?"

அப்பா அரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். டாக்டரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். வண்டிக்காரர்களுக்கென்றே அவர் வைத்திருக்கும் சிரிப்பு.

"சின்னப் பொண்ணு, டாக்டர். வேலைக்குப் புதுசு. கழுவிட்டு எடுக்க மறந்திருப்பா. நான் வேற சீல் போட்டுக் குடுத்துடறேன். இனிமே அவ வண்டியில கை வைக்க மாட்டா."

அண்ணன் கையிலிருந்த ரப்பர்த் துண்டைக் காரின் ஓரத்தில் வைத்தான்.

சின்னவள் அப்பாவின் பெஞ்சுக்கு நடந்தாள். அடியில் கிடந்த பழைய மவுண்ட் ரப்பரையும், அவருடைய கத்தியையும் எடுத்தாள். திரும்பி வந்து இரண்டையும் டாக்டர் காரின் முன் விளிம்பில், அப்பாவுக்கு எதிரே வைத்தாள்.

"இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுங்கப்பா. டாக்டர் பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும்."

அப்பா கத்தியைப் பார்த்தார். இடது கை தானாக அதை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"வெட்டுங்க."

"அது நான் வெட்டினதுதான்" என்றார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. "அன்னைக்கு நான் வண்டி எடுக்க வந்தப்போ ஸ்டியரிங்ல சிவப்பா துணி கட்டியிருந்துச்சே. நான்கூடக் கேட்டேன், வண்டிக்கு அடிபட்டுச்சா, கட்டுப் போட்டிருக்கீங்கன்னு."

"கேட்டுட்டுச் சிரிச்சீங்க" என்றார் அப்பா. "ஒரு மாதிரி இருந்துச்சு. அவிழ்த்துட்டேன்."

"ஒரு மாதிரி இருந்துச்சா?" சின்னவளின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அன்னைக்கு நான் பட்டம் வாங்கப் போயிருந்தேன். ஒரு மணி நேரம் என்கூட வாங்கன்னு கேட்டேன். கழுவற வேலை கிடக்குன்னு சொன்னீங்க. சரின்னு தனியாத்தான் போனேன். அந்தக் கழுவற வேலைதான் இது, இல்ல?"

அப்பா கத்தியை ஒதுக்கி வைத்தார்.

"காலைல டிப்ஸ்டிக் எழும்பி நின்னதைப் பாத்ததுமே உங்களுக்குப் புரிஞ்சிருக்கு. நான் கத்துக்கிட்டதே உங்ககிட்ட இல்லையேப்பா, புத்தகத்துல. எனக்கே புரியும்போது உங்களுக்குப் புரியாதா? கட்டைவிரலால அமுக்கிட்டுப் போனீங்க. மூணு மணி நேரம் இவன் என்னைக் கிழிச்சுக்கிட்டு இருந்தான். அங்க உக்காந்து அரம் போட்டீங்க."

"நாப்பது வருஷத்துல என் கையால போன வண்டி ஒண்ணு திரும்பி வந்ததில்ல" என்றார் அப்பா. "உனக்கு டிகிரி இருக்கு. எங்க போனாலும் பொழைச்சுக்குவே. எனக்கு இது ஒண்ணுதான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் இல்லை. நியாயம் சொல்கிற முகம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்ப உங்க சட்டப்படியே போவோம். வண்டி திரும்பி வந்தாச்சு. காலி பண்ண வேண்டியது என் பெஞ்சு இல்லப்பா. உங்களுது."

"ஏய்" என்றான் அண்ணன். பழக்கதோஷத்தில் வந்த அதட்டல். அவள் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா. அன்னைக்கு நீங்க மூணு வண்டி கழுவினீங்களே. வரிசையா நிறுத்தி."

அப்பா நிமிர்ந்தார்.

"டாக்டர் சிரிச்சதும் அவிழ்த்தேன்னு சொல்றீங்க. இதுல மட்டுமா?"

அப்பா சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தார்.

"மூணுலயும்."

ஒன்று இதோ நிற்கிறது. இன்னொன்று பட்டறையின் சொந்தப் பிக்கப். கிளட்ச் போய், மூன்று வாரமாகப் பின்பக்கம் கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

மூன்றாவது, அக்கா வீட்டுக்காரருடையது. வாரத்துக்கு இரண்டு நாள் கடைத்தெருவுக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்த வண்டி. இன்றைக்குத்தான் முதன்முதலாக நெடுந்தூரம் போகிறது.

*ஸ்டார்ட் பண்ணா வண்டி ஏதோ விசில்...*

சின்னவள் பைக்குள் கையை விட்டாள். போனை எடுத்தபோது எண்ணெய்க் கைக்கு எண் அழுந்தவில்லை. அண்ணன் தன் சட்டை நுனியால் திரையைத் துடைத்துக் கொடுத்தான்.

நான்கு முறை மணி அடித்தது.

"சொல்லுடி" என்றாள் அக்கா. குரலில் குஷி. "நானே கூப்பிடணும்னு இருந்தேன். காலைல விசில்னு சொன்னேன்ல? அது அரை மணி நேரம் முன்னாடி தானா நின்னுடுச்சு. உங்க பட்டறையே வேண்டாம், வண்டி தன்னைத் தானே சரி பண்ணிக்குதுன்னு உங்க மாமா ஒரே கிண்டல்."

டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"அக்கா, வண்டியை ஓரங்கட்டச் சொல்லு. என்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லு."

"எங்கடி ஓரங்கட்டுறது? மலை இறக்கத்துல இருக்கோம். முன்னாடி லாரி, பின்னாடி லாரி. ஒதுங்க இடமே இல்ல. ஏன், என்ன ஆச்சு?"

இறக்கத்தில் என்ஜினை அணைத்தால் பிரேக் கல்லாய் இறுகும், ஸ்டியரிங் கனக்கும். அணைக்காவிட்டால், எண்ணெய் தீர்ந்து, என்ஜினே எந்த வளைவில் வேண்டுமானாலும் இறுகி நிற்கும். உள்ளே எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

"போனைக் குடு" என்று அப்பா இடது கையை நீட்டினார். "நான் மாப்பிள்ளைகிட்ட பேசறேன்."

அவள் கொடுக்கவில்லை. அண்ணன் அப்பாவின் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"அக்கா, பயப்படாதே. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. மாமா ரெண்டாவது கியர் போடட்டும், வேகத்தைக் குறைக்கட்டும். ஜன்னலை ஏத்துங்க. போனை டாஷ்போர்டு மேல வை. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எனக்கு என்ஜின் கேக்கணும்."

கண்ணாடி ஏறுகிற சத்தம். பிறகு அக்காவின் மூச்சு. பிறகு அதற்கும் அடியில், மெலிதாக, டிக் டிக் டிக்.

சின்னவள் கண்ணை மூடி, போனைக் காதோடு அழுத்தினாள். டாப்பெட்தான். இன்னும் டாப்பெட் மட்டும்தான்.

கீழேயிருந்து அந்த டொக் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.